வழி மிக எளிது

பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் சிதறுகிற சத்தம் மாடி அறைவரை கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் கலைச்செல்வியின் தோள் துள்ளியது. மலையில் வளர்ந்தவளுக்கு நகரத்து இரைச்சல் ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று பகவதி முதலில் நினைத்தாள். அவள் சொன்னதைக் கேட்ட பிறகுதான் காரணம் புரிந்தது. ஒரு கார் பாறையில் மோதி நொறுங்கும் சத்தத்தைத் தன் காதால் கேட்டவள் அவள்.

பகவதிக்கு ஐம்பது வயது. நாகர்கோவில்காரி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பல வருடம் க்ளெய்ம் விசாரித்து, எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லாரிகளையும் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் எந்த இடத்தில் பொய் சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டவள். வேலையை விட்டதும் ஜவுளிக்கடைக்கு மேலே இந்த அறையை எடுத்துத் துப்பறியும் அலுவலகம் வைத்தாள். உதவிக்கு வினீத். முப்பது வயது, திருவனந்தபுரத்திலேயே பிறந்தவன். வேலையில் கெட்டிக்காரன்தான். வாய் மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடும்.

"மொதல்லேந்து சொல்லு மக்களே" என்றாள் பகவதி நாகர்கோவில் வாஞ்சையோடு.

"பொன்முடி ஏறுற ரோட்டுல எங்க வீடு மேடம். ரெண்டு ரூமை ஒதுக்கி ஹோம்ஸ்டே நடத்துறோம். ஆளே வரல. வெப்சைட் இருந்துச்சு, தேடினா எங்கியோ அடியில கெடந்துச்சு. அப்பதான் ஸ்ரீவராகத்து ஹரிகுமார் சார்கிட்ட கொடுத்தோம். பொன்முடின்னு போட்டா நம்ம பேரு மேல வரணும்னு."

"வந்துச்சா?" என்றான் வினீத்.

"வந்துச்சு. ஆளும் வந்தாங்க. எங்க வீட்டுக்காரரே கல்லாறுக்குப் போய் ஜீப்ல கூட்டிட்டு வருவாரு. அன்னிக்கு ஜீப் ரிப்பேர்."

அன்றைக்கு வந்தவர் தாணுலிங்கம். சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு வியாபாரம். மனைவி இறந்தபின் மனசு சரியில்லை என்று தனியாகக் கார் எடுத்துக்கொண்டு மலையேறினார். அந்தி நேரம். மூடுபனியாக மஞ்சு இறங்கியிருந்தது. கார் நல்ல ரோட்டை விட்டு எஸ்டேட்டின் பழைய ஜீப் பாதையில் திரும்பியிருக்கிறது. அந்தப் பாதையில் ஓடையைக் கடக்கும் சின்னப் பாலமான கலுங்கு ஒன்று போன மழையில் அடித்துக்கொண்டு போனது யாருக்கும் நினைவில்லாத விஷயம். தாணுலிங்கத்துக்குத் தெரியவே தெரியாது. கார் நேராக ஓடைக்குள் போய்விட்டது.

அவரிடம் கடைசியாகப் போனில் பேசியவன் கலைச்செல்வியின் கணவன் விஜய்குமார். "மேப் சொல்றபடி வாங்க சார்" என்று சொன்னதாக அவனே போலீசில் ஒப்புக்கொண்டான். போலீஸ் மேப்பைத் திறந்து பார்த்தது. சிவப்புப் புள்ளி ஒழுங்காக விஜய்குமாரின் வீட்டில்தான் இருந்தது. ஜீப் பாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இறந்தவரின் போன் ஓடையில் ஊறி ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று. கழுத்துச் சங்கிலி ஓடையோடு போயிற்றோ என்னவோ, கிடைக்கவில்லை. முடிச்சுப் போட அவர்களுக்கு இவ்வளவு போதும். ஆளைப் போனிலேயே தப்பு வழியில் திருப்பி, விழ வைத்து, சங்கிலியைக் கழற்றியவன் விஜய்குமார் என்று வழக்கு. கொலை வழக்கு என்பதால் ஜாமீனும் இல்லை.

"அவரு பொய் சொல்லல மேடம். அன்னிக்கு வரைக்கும் மேப் தப்பாத்தான் காட்டிச்சு. மேல பழைய மஸ்டர் ஆபீஸ் இருக்கு, அதைக் காட்டிச்சு. எல்லாம் ஹரிகுமார் சார் வேலை. ஆள் செத்ததும் அவரே நைசா எடுத்து மாத்திட்டாரு. அதை நீங்க நிரூபிச்சா என் வீட்டுக்காரரு வெளிய வந்துருவாரு."

மஸ்டர் ஆபீஸ் என்றால் காலையில் தோட்டத் தொழிலாளர்களை நிறுத்திப் பேர் கூப்பிடுகிற கொட்டகை. எஸ்டேட்டின் மேல் டிவிஷனை மூடியபின் அது காட்டுக்குள் இடிந்து கிடக்கிறது.

"மேப் தப்புன்னு உன் வீட்டுக்காரர் போலீஸ்ல சொல்லலியா?"

"மொதல்ல சொன்னாரு, மேப்தான் தப்பா கூட்டிட்டுப் போயிருக்கும்னு. அவங்க போன்ல மேப்பை எடுத்துக் காட்டினாங்களாம். கையில வாங்கிப் பாத்தாரு. அதுக்கப்புறம் வாயே தொறக்கல மேடம். வக்கீல் கேட்டாலும் பேசல. நான் ஜெயிலுக்குப் போய்க் கேட்டாலும் தலையைக் குனிஞ்சுக்கிறாரு."

பகவதி பேனாவைக் கீழே வைத்தாள். அகப்பட்ட நிரபராதி கத்துவான், அழுவான், சாமி மேல் சத்தியம் செய்வான். மேப்பைப் பார்த்ததும் ஒருவன் வாயை மூடிக்கொண்டான் என்றால் அதில் எதையோ பார்த்திருக்கிறான். எதை?

"ஆளு குற்றவாளியா இருந்தா?" என்று மலையாளச் சாடையில் முணுமுணுத்தான் வினீத், கலைச்செல்வி படியிறங்கிப் போனபிறகு. பொன்முடிக்கு பஸ் குறைவு. அவள் ஓட்டமும் நடையுமாகத்தான் போனாள்.

"இருந்தா அவனைத் தூக்கி உள்ள வைப்போம். ஏற்கெனவே உள்ளதான் இருக்கான், நமக்கு வேலை மிச்சம். நீ அந்த ஹோம்ஸ்டேக்கு வந்த ரிவ்யூ எல்லாம் வாசி."

வினீத் போனைத் தேய்த்தான். முகம் கோணியது. "சேச்சி, பெட்ஷீட் சுத்தம்னு ஒருத்தனும் எழுதல. சோறு ருசின்னு எழுதல. அஞ்சு ஸ்டார் போட்டவன் எல்லாம் ரோட்டைப் பத்தியே எழுதிருக்கான். 'கண்டுபிடிக்க மிக எளிது.' 'மேப் பாத்து நேரா வாசல்ல வந்து இறங்கினோம்.' 'புது ஆளுக்கும் வழி தப்பாது.' இவனுங்க ஹோம்ஸ்டேல தங்கப் போனவனா, ரோடு காண்ட்ராக்டரா?"

"எல்லாம் ஒரே வாரத்துல எழுதினதா?"

"ஒரே வாரம். எல்லாம் கூடி ஒரே பஸ்ல போன மாதிரி."

பகவதி சிரிக்கவில்லை. "எடே, ஒரு சம்பந்தம் பேசப் போறோம்னு வை. மாப்பிள்ளை குடிக்கவே மாட்டாரு, குடிக்கவே மாட்டாருன்னு அஞ்சு பேரு தனித்தனியா வந்து சொன்னா நீ என்ன நினைப்ப?"

"மொடாக் குடியன்னு."

"அதேதான். வழி எளிதுன்னு இத்தன பேரு எழுதணும்னா, வழி மோசம்னு யாரோ ஒருத்தன் அதுக்கு முன்னால எழுதியிருக்கான். அந்த ஒருத்தன் எங்க? அவனைக் காணோம். கெளம்பு."

*

ஸ்ரீவராகத்தில் ஒட்டி ஒட்டி நிற்கும் பழைய அக்கிரகார வீடுகளில் ஒன்றின் முன்னறைதான் ஹரிகுமாரின் அலுவலகம். சுவரில் பத்மநாபசுவாமி படம், அதற்குக் கீழே மூன்று கம்ப்யூட்டர். நாற்பதைத் தாண்டிய ஆள். நெற்றியில் சந்தனம். வந்தவர்கள் தொழில் கொடுக்க வந்தவர்கள் என்று நினைத்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்கோ, உக்காருங்கோ. காப்பி சாப்பிடறேளா?"

"எங்க ஆபீசையும் சர்ச்ல மேல கொண்டு வரணும் சார்" என்று ஆரம்பித்தான் வினீத். "இப்ப தேடினா நாலாம் பக்கத்துல கெடக்கோம். அங்க எங்களைத் தவிர ஒரு ஜீவன் வராது."

ஹரிகுமார் ஆசையாக விளக்கினார். தொழில் தெரிந்த ஆள்தான், அதில் சந்தேகமில்லை. பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும், ஜனங்கள் எந்த வார்த்தையைப் போட்டுத் தேடுகிறார்களோ அந்த வார்த்தை பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

"எல்லாத்துக்கும் மேல, பேர், விலாசம், போன் நம்பர். இது மூணும் எல்லா எடத்துலயும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும். வெப்சைட்ல ஒண்ணு, மேப்ல வேறொண்ணுன்னு இருந்தா சர்ச் நம்மளை நம்பாது, கீழ தள்ளிடும். அதனால ஐடி ப்ரூஃப்ல என்ன விலாசமோ அதையே எல்லாத்துலயும் போட்டுடறது என் பழக்கம்."

"பொன்முடிக்காரங்களுக்கும் அப்படித்தான் போட்டீங்களா?" என்றாள் பகவதி.

காப்பித் தம்ளர் பாதியில் நின்றது. "நீங்க யாரு?"

"தாணுலிங்கம் செத்ததை விசாரிக்கிறவ. சொல்லுங்க, அவங்க ஆதார்ல என்ன விலாசம்?"

"மேல் டிவிஷன், மஸ்டர் ஆபீஸ்னு இருந்தது. நான் அதைத்தான் போட்டேன். மேப்ல அந்த எடத்துக்குப் புள்ளியை நகத்தினேன். அதுல என்ன தப்பு? அவாளே கொடுத்த விலாசம்."

"சார், எஸ்டேட்ல விலாசம்னா ஆள் இருக்கிற எடம் இல்ல. கடுதாசி வந்து சேருற எடம். தபால்காரர் மஸ்டர்ல போட்டுட்டுப் போயிருவாரு, பேர் கூப்பிடும்போது வாங்கிக்கிடுவாங்க. லயம்னு சொல்ற தொழிலாளி வரிசை வீட்டுல இருந்தாலும் அதான் விலாசம், வீடு மாறிக் கீழ ரோட்டுக்கு வந்தாலும் அதான் விலாசம். ரேஷன் கார்டுல இருந்து இன்ஷூரன்ஸ் பாலிசி வரைக்கும் அதான். நான் அந்தப் பக்கம் எத்தன க்ளெய்முக்கு அலைஞ்சிருக்கேன் தெரியுமா? ஒருதடவை மலை ஏறிப் பாத்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"இங்க உக்காந்தே எல்லாம் பண்ணலாமே, எதுக்கு ஏறணும்?" என்று வினீத் குறுக்கே சொன்னான். "சார் மலையைக் கம்ப்யூட்டர்லயே ஏறி இறங்கிடுவாரு."

பகவதி விடவில்லை. "சரி, அது தெரியாம செஞ்சதுன்னே வைங்க. வழி மோசம்னு ஒரு புகார் வந்துச்சே, அதைத் தெரிஞ்சுதானே எடுத்தீங்க?"

"புகாரா? அப்படி எதுவும்..."

"அஞ்சு பேர் வழியைப் புகழ்ந்து எழுதியிருக்கானுவ. அஞ்சும் நீங்க எழுதினது. யாரும் கேக்காத கேள்விக்கு எதுக்கு சார் பதில் எழுதினீங்க?"

ஹரிகுமார் வாசல் பக்கம் பார்த்தார். உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரி காதில் விழுந்துவிடுமோ என்று பயந்தவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"கொல்லத்துலேந்து ஒரு குடும்பம். முன்கூட்டிச் சொல்லாம மேப் பாத்துப் போய், கலுங்கு இல்லாத எடத்துல நூலிழைல தப்பிச்சு அப்படியே திரும்பிட்டாளாம். ஒரே ஸ்டார் போட்டு, 'மேப்பை நம்பாதீங்கோ, உயிருக்கு ஆபத்து'ன்னு எழுதிட்டா. அது மேலயே நின்னுண்டிருந்தா ஸ்டார் கொறையும், தேடல்ல கீழ போயிடும். போட்டிக்காரா பண்ற வேலைன்னு ரிப்போர்ட் பண்ணினேன். மேப் கம்பெனிக்காரா எடுத்துட்டா. பழைய எழுத்து யாருக்காவது ஞாபகம் இருந்தா மறக்கட்டும்னு நல்லதா அஞ்சு போட்டேன்."

"புள்ளியைச் சரி பண்ணணும்னு தோணலியா?"

"அப்பதான் மொதல் பக்கத்துக்கு வந்திருந்தது. அதை அசைக்க மனசு வரலை."

கோபத்தை மறைக்கும் பழக்கம் பகவதிக்கு இல்லை. "தாணுலிங்கம் அந்த ஒத்தை ஸ்டாரைப் படிச்சிருந்தா இந்நேரம் கடையில உக்காந்து சீரகம் எடை போட்டுட்டு இருப்பாரு. நீங்க அழிச்சது புகாரை இல்ல சார், ரோட்டுல வெச்சிருந்த அபாயப் பலகையை. அவர் செத்ததும் பயந்து புள்ளியையும் மாத்திட்டீங்க, இல்லியா?"

"அது நானில்லை!" ஹரிகுமார் எழுந்தே விட்டார். "சத்தியமா நானில்லை. அன்னிக்குச் சாயங்காலம் தீபாராதனைக்குப் பத்மநாபசுவாமி கோயில்ல இருந்தேன். உள்ள போன் எடுத்துண்டு போக முடியாதுன்னு உங்களுக்கே தெரியும். வெளில வந்து போனை வாங்கிப் பாத்தா மெயில் வந்திருக்கு. இதோ பாருங்கோ."

மெயிலில் இருந்தது ஒரே வரி. ஹோம்ஸ்டேயின் இடம் அதன் உரிமையாளரால் மாற்றப்பட்டது. கார் விழுந்த அதே அந்தியில்.

"உரிமையாளர்னா விஜய்குமார்" என்றான் வினீத் மெல்ல. "போச்சு சேச்சி. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பியாச்சு. இதைப் போலீஸ் பாத்தா அவனுக்குக் கயிறு நிச்சயம்."

"அந்த நேரத்துல அவன் எங்க இருந்தான்?"

"ஓடைக்குள்ள. காரை இழுக்கப் போன ஆளுங்க அத்தன பேரும் சாட்சி."

"இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டு மேப்பை மாத்தினானா?"

பகவதி வினீத்தின் போனை வாங்கிச் சிவப்புப் புள்ளியைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். வீட்டின் கூரை தெரிந்தது. முன்னால் ரோடு தெரிந்தது. புள்ளி இரண்டிலும் இல்லை. கூரைக்குப் பின்னால், கொல்லைப்பக்கமாகத் தள்ளி நின்றது. மேசையில் உட்கார்ந்து படம் பார்த்து வைக்கிறவன் கூரைமேல் வைத்திருப்பான். ஜீப் ஓட்டுகிறவன் ரோட்டோரம் வைத்திருப்பான்.

"காலையில முதல் பஸ்ல மலைக்குப் போறோம்" என்றாள் அவள்.

*

கல்லாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதுமே போனில் சிக்னல் செத்துவிட்டது. "ரேஞ்ச் போச்சு" என்றான் வினீத். "இனி எங்கம்மா என்னைத் திட்டணும்னா மலையேறி வந்துதான் திட்டணும்."

ஹோம்ஸ்டே வாசலில் கலைச்செல்வி காத்திருந்தாள். அறைகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. பால் இல்லாத கட்டன் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஹரிகுமார் சார் ஒத்துக்கிட்டாரா மேடம்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் ஆசை இருந்தது. பகவதிக்கு அதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"பாதி ஒத்துக்கிட்டாரு. ஒரு போன் பண்ணணும் மக்களே. இங்க எங்க சிக்னல் கிடைக்கும்?"

"பின்னால துவைகல்லு மேல ஏறி நின்னா கெடைக்கும். அவரு எப்பவும் ரோட்டு வளைவுக்குத்தான் போவாரு. எனக்கு அங்க போய் நிக்கப் பிடிக்காது, போற வர்ற வண்டியெல்லாம் பாக்கும்."

பகவதி கொல்லைப்பக்கம் போனாள். தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, சோப்புக்கறை படிந்த பெரிய துவைகல். புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். போன் உயிர் பெற்றது. மேப்பைத் திறந்தாள். தான் நிற்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி தோன்றி, மெல்ல நகர்ந்து, சிவப்புப் புள்ளியின் அடியில் போய் நின்றது. இரண்டும் ஒன்றாகி விட்டன.

பின்னால் வந்த வினீத் எட்டிப் பார்த்தான்.

"கலைச்செல்வி" என்று கூப்பிட்டாள் பகவதி. கல்லின் மேல் நின்றபடியே போனைத் திருப்பிக் காட்டினாள். "அன்னிக்கு வரைக்கும் மேப் மஸ்டரைக் காட்டிச்சுன்னு நீ என் ஆபீஸ்ல வெச்சுச் சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும், அது உனக்கு எப்படித் தெரியும்னு. போலீஸ் பாக்கிறதுக்கு முன்னால பாத்தவ நீ ஒருத்திதான்."

கலைச்செல்வி தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"சத்தம் கேட்டுச்சு மேடம். அவரு ஓடினாரு. மஸ்டர் பாதையில யாரு வண்டி போவும்னு எனக்குப் புரியல. இங்க வந்து என் போனைத் தொறந்தேன், அவரு பேருல உள்ள ஹோம்ஸ்டே கணக்கு அதுலயும் இருக்கு. புள்ளி மஸ்டர்ல நிக்குது. ஆதாரைப் போட்டோ எடுத்து ஹரிகுமார் சாருக்கு அனுப்பினதே நான்தான். போலீஸ் வந்து இதைப் பாத்தா எங்க வீட்டுக்காரரத்தானே பிடிப்பாங்க? இப்ப நிக்கிற எடத்தை வைக்கவான்னு கேட்டு ஒண்ணு வந்துச்சு. அமுக்கிட்டேன்."

"ரிவ்யூ வந்தது தெரியுமா?"

"அந்தக் கொல்லத்து ஆளுங்க சொன்னதா? எனக்கு யாருமே சொல்லல மேடம். சொல்லியிருந்தா நானே வழியில போய் நின்னுருப்பேன்."

அது பொய் இல்லை என்று பகவதிக்குத் தெரிந்தது. அடுத்துச் சொல்ல வேண்டியது அதைவிடக் கொடுமை. ஆனாலும் சொன்னாள்.

"தப்பான மேப் ஒண்ணுதான் உன் புருசனுக்குச் சாட்சி. அவரைக் காப்பாத்தணும்னு நீ அதை அழிச்சிட்ட. இதைவிடப் பெரிசு ஒண்ணு இருக்கு. போலீஸ்ல மேப்பைக் காட்டினதும் அவர் ஏன் வாயை மூடினாருன்னு நினைக்கிற? புள்ளி துவைகல்லுல நிக்குது. இங்க நின்னு போன் பாக்கிறது யாருன்னு அவருக்குத் தெரியாதா? வாயைத் தொறந்தா உன் பேரு வரும். அதான் பேசல. கொலைப்பழியைத் தலையில வாங்கிட்டு உக்காந்திருக்காரு."

கலைச்செல்வி புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். ஜெயிலில் கம்பிக்கு அப்பால் அவன் தலை குனிந்து நின்றபோதெல்லாம் தன்மேல் கோபம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"எனக்கு என்ன ஆகும் மேடம்?"

"தெரியாது. சாட்சியை மறைச்சது குத்தம்தான். அதுக்கு ஒரு தண்டனை இருக்கும். ஹரிகுமாரையும் நான் விட மாட்டேன், அந்தப் புகாருக்கு அவர் வந்து பதில் சொல்லணும். ஆனா அவர்கிட்ட இருக்கிற மெயிலை மட்டும் கொண்டு போனா, மாத்தினது விஜய்குமார்னுதான் எழுதுவாங்க. புள்ளி எங்க இருந்துச்சு, யாரு நகத்தினாங்கன்னு நீயே உன் வாயால சொன்னாத்தான் அவர் வெளிய வருவாரு."

கலைச்செல்வி எழுந்தாள். பகவதி கல்லை விட்டு இறங்கி இடம் கொடுத்தாள். ஸ்டேஷன் நம்பரை வினீத் எழுதிக் கொடுத்தான். அதை அவள் அழுத்துவதற்குள் கையிலிருந்த போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"பேப்பர்ல வந்ததுலேந்து ஊரே இந்தப் பேரைத் தேடுது சேச்சி" என்று வினீத் தாழ்ந்த குரலில் சொன்னான். "இப்ப பொன்முடின்னு போட்டா இவங்கதான் முதல்."

கலைச்செல்வி போனைக் காதில் வைத்தாள். கொல்லையின் அமைதியில் அந்தப் பக்கத்துக் குரல் எல்லோருக்கும் கேட்டது. "ஹோம்ஸ்டே தானே? நாகர்கோவில்லேந்து பேசுதோம். ஞாயித்துக்கிழமை பிள்ளையளோட வாறோம். மேப்பைப் பாத்து வந்தா போதும்லா?"

அவள் மேலே மஞ்சுக்குள் மறைந்து கிடந்த மஸ்டர் பாதையைப் பார்த்தாள்.

"வராதீங்க அண்ணே" என்றாள். "மேப் தப்பா இருந்துச்சு. அதைப் பாத்து வந்த ஒருத்தர் செத்துட்டாரு. அந்த விலாசத்தைக் கொடுத்தது நான். அவரு செத்தப்புறம் மாத்தி வெச்சதும் நான்தான். எங்க வீட்டுக்காரர் ஒண்ணும் செய்யல."

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். கலைச்செல்வி கல்லிலிருந்து இறங்கவில்லை. வினீத் கொடுத்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். ஸ்டேஷனில் எடுத்ததும் அதே வார்த்தைகளை அதே வரிசையில் சொன்னாள். இரண்டாவது தடவை குரல் நடுங்கவில்லை.